இரண்டு இழுப்பு

சண்முகநாதனுக்கு வளர்பிறைத் தசமி என்றால் ஆகாது. ஏகாதசிக்கு விரதம் பிடிக்கிறவர்கள் உண்டு. அட்டமி நவமியில் நல்ல காரியம் தொடங்காதவர்கள் ஊர் முழுக்க உண்டு. தசமிக்குப் பயப்படுகிற மனிதர் புத்தூரில் அவர் ஒருவர்தான். அதையும் மனைவி குணலட்சுமிக்குத் தெரியாமல் செய்யவேண்டியிருந்தது. மாதாமாதம் பஞ்சாங்கத்தைக் கள்ளமாகப் புரட்டி, அந்த நாள் கிணற்றடிக்குப் போகாமலிருக்க ஏதாவது சாட்டுக் கண்டுபிடிப்பார். முதுகு பிடித்துவிட்டது என்பார். சைக்கிளுக்குக் காற்றுப் போய்விட்டது என்பார். சைக்கிளுக்கும் கிணற்றுக்கும் என்ன தொடர்பு என்று குணலட்சுமி கேட்டால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டுப் பங்குனித் தசமியில் ஒரு சாட்டும் எடுபடவில்லை. குணலட்சுமிக்குக் காய்ச்சல். மண்ணெண்ணெய் இல்லாமல் இறைப்பு மெசின் கொட்டிலுக்குள் சும்மா கிடந்தது. மிளகாய்க் கன்றுகள் தலை தொங்கி நின்றன. காலை எட்டு மணி வெயிலில் அவர் கப்பியில் கயிற்றை ஓட்டி வாளியை இறக்கினார்.

காகங்கள் வந்து கிணற்றுக் கட்டில் இருந்தன. ஒவ்வொன்றாக வந்து பதினொன்று சேர்ந்துவிட்டன. கரையவில்லை, ஒன்றையொன்று கொத்தவுமில்லை. மற்ற நாளில் அந்த வீட்டு வளவுக்கு நாலு காகம் வந்தால் நாலும் சண்டை பிடிக்கும். இன்றைக்கு அவை, திரை எப்போது விலகும் என்று சந்நிதியில் நிற்கிற சனம்போல, அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

வாளி நிரம்பியது. இழுக்கத் தொடங்கினார். பாதி வழியில் கயிறு கீழேயிருந்து ஒருதரம் இழுபட்டது. சற்றுப் பொறுத்து இன்னொரு தரம்.

சண்முகநாதன் தூண்டில் போட்டுப் பழகியவர். கயிற்றில் வருகிற சேதியை அவருடைய கை வாசிக்கும். மீன் தொட்டால் படபடவென்று துடிக்கும். கல்லில் மாட்டினால் சும்மா இறுகி நிற்கும். இது அந்த இரண்டும் இல்லை. எண்ணி, நிதானமாக இழுத்த இழுப்பு. அப்படி இழுக்க மனிதக் கையால்தான் முடியும். அவர் கயிற்றை விட்டுவிட்டார். கப்பி கடகடவென்று சுழன்றது. கயிற்றின் நுனியும் வாளியோடு கிணற்றுக்குள் போய்ச் சேர்ந்தது. காகங்கள் அப்போதுதான் எழுந்து, ஒரு சத்தமும் இல்லாமல் வடக்கே கடல் பக்கம் பறந்தன.

அவர் கயிற்றை விட்டது அதுதான் முதல் தரம் என்றில்லை.

முதல் தரம் விட்ட கயிற்றின் மற்ற நுனியில் இருந்தவர் தேவராசா. வல்வெட்டித்துறையில் வெறும் தேவராசா என்றால் தெரியாது, 'பெட்டிசம் தேவராசா' என்றால் சின்னப்பிள்ளையும் வீட்டைக் காட்டும். எதற்கெடுத்தாலும் மனு எழுதுகிறவர் என்பதால் வந்த பெயர். திருகோணமலையில் நில அளவைக் கந்தோரில் படம் கீறியவர். அங்கே ஒரு வெள்ளைக்காரனோடு சேர்ந்து, முகத்தில் கண்ணாடி மாட்டிக்கொண்டு கடலுக்குள் தலைகீழாய்ப் போகப் பழகினார். பென்சன் எடுத்து எண்பத்து நாலில் ஊருக்கு வந்தார். சனமெல்லாம் கடற்படைக்குப் பயந்து கரையை விட்டு உள்ளே வந்துகொண்டிருந்த காலம். இவர் மட்டும் உள்ளேயிருந்து கடலுக்குப் போனார்.

கடற்றொழில் செய்கிறவர்களுக்குச் சங்கம் இருந்தது. ஆசைக்குத் தூண்டில் போடுகிறவனுக்கும் சும்மா பார்க்கிறதுக்குச் சுழியோடுகிறவனுக்கும் ஒன்றும் இல்லை என்பது தேவராசாவுக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது. 'வடமராட்சிப் பொழுதுபோக்குத் தூண்டிற்காரர், சுழியோடிகள் நலன்புரிச் சங்கம்' என்று ஒன்றைத் தொடங்கினார். அந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்லக்கூடியவன்தான் சுழியோடலாம் என்று கரையில் பகிடி விட்டார்கள். தலைவர் தேவராசா. செயலாளர் சண்முகநாதன். மற்ற ஏழு பேரும் கூட்டத்துக்கு வந்தால் வடை உண்டு என்பதற்காக வந்தவர்கள்.

புத்தூரில் மிளகாய் நடுகிற மனிதருக்குக் கடலில் என்ன வேலை என்று கேட்கலாம். குணலட்சுமியும் அதைத்தான் கேட்டாள். சண்முகநாதன் மச்சம் வாயில் வைக்காத சைவக்காரர். கூட்டுறவுச் சங்கக் கடையில் மனேச்சராய் இருந்தபோது, சீனி நிறுக்கிற தராசைப் பற்றிப் பெட்டிசம் எழுதிக்கொண்டு வந்த தேவராசாவோடு சண்டையில் தொடங்கிய சினேகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவராசா அவரைக் கரைக்குக் கூட்டிப்போய்த் தூண்டிலைக் கையில் கொடுத்தார். சண்முகநாதன் பிடித்த மீனைக் கொண்டுபோக வழியில்லாமல் திரும்பக் கடலில் விட்டார். தேவராசா அவரைக் கட்டிப் பிடித்து, இலங்கையிலேயே கலப்பில்லாத பொழுதுபோக்குத் தூண்டிற்காரன் நீ ஒருவன்தான் என்றார்.

பெட்டிசம் போகாத இடமில்லை. அரசாங்க அதிபரின் கச்சேரிக்குப் போனது, கடற்படைக்குப் போனது. இந்திய அமைதிப் படை வந்தபோது அதற்கும், அது போன பிறகு இயக்கத்துக்கும் போனது. விலாசம் மாறும், வாசகம் மாறாது. வயிற்றுக்காகக் கடலுக்குப் போகிறவனைப் பற்றி எல்லோரும் கதைக்கிறீர்கள், ஆசைக்காகப் போகிறவனுக்காகக் கதைக்க ஒருவனும் இல்லை, கடலைச் சும்மா பார்க்கிறதும் மனிதனுக்கு ஒரு உரிமை என்று எழுதுவார். செல் குண்டு விழுகிற ஊரில் இது சுத்த விசர்க்கதை. சண்முகநாதனுக்கும் அது தெரியும். ஆனால் அந்த விசர் மனிதரோடு கரையில் நின்ற ஞாயிற்றுக்கிழமைகளில் இருந்த சந்தோஷம் அவருக்கு அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை.

சங்கத்துக்கு விதிகள் இருந்தன. தேவராசா தன் முத்தான எழுத்தில் எழுதி வைத்தவை. முதலாவது விதி கயிற்றைப் பற்றியது. இடுப்பில் கயிறு கட்டாமல் ஒருவரும் சுழியோடக் கூடாது. மற்ற நுனியை ஒருவர் கையில் பிடித்திருக்கவேண்டும். கீழேயிருந்து ஒரு இழுப்பு வந்தால் சுகமாயிருக்கிறேன் என்று அர்த்தம். இரண்டு இழுப்பு வந்தால் மேலே தூக்கு என்று அர்த்தம். சுழியோடியின் தலை வெளியே தெரியும்வரை, என்ன வந்தாலும், கயிறு பிடித்தவர் கயிற்றை விடக் கூடாது. 'என்ன வந்தாலும்' என்பதற்குக் கீழே இரண்டு கோடு கீறியிருந்தார். தன் கயிற்றை அவர் சண்முகநாதனைத் தவிர வேறு ஒருவர் கையிலும் கொடுத்ததில்லை.

தொண்ணூற்றோராம் ஆண்டு, பங்குனி உத்தரத்துக்கு முந்திய திங்கட்கிழமை. கடற்படைக் கப்பல் வடக்கே நின்று கரைக்குச் செல் அடித்துக்கொண்டிருந்ததால் கடலோர வீடுகள் பூட்டிக் கிடந்தன. மீன்பிடிக்கத் தடை. தேவராசா தடை அறிவித்தலை மூன்று தரம் வாசித்து, அதில் 'தொழில்' என்றுதான் இருக்கிறது, 'ஆசை' என்று இல்லை என்று கண்டுபிடித்தார். இனி எழுதப்போகிற பெட்டிசத்தோடு, கரையை ஒட்டிய முருகைக்கல் பாரில், அதாவது பவளப் பாறைத் திட்டில், என்னென்ன மீன் சீவிக்கிறது என்று ஒரு பட்டியல் இணைக்கவேண்டுமாம். மனைவி ஞானாம்பிகை தங்கையின் பிள்ளைப்பேறு பார்க்க அச்சுவேலிக்குப் போயிருந்தாள், வெள்ளிக்கிழமைதான் வருவாள். அவள் இருந்தால் விடமாட்டாள் என்று அந்தக் கிழமையைத் தேவராசா தெரிந்தெடுத்தார். புத்தூரிலிருந்து சண்முகநாதன் சைக்கிளில் வந்தார். கரையில் ஒரு குருவியும் இல்லை.

பாரின் விளிம்பில் முழங்கால் தண்ணீரில் சண்முகநாதன் கயிற்றோடு நின்றார். மூன்று தரம் தேவராசா கீழே போய் வந்து, மூன்று தரமும் மீன் பெயர்களைச் சொன்னார். சண்முகநாதன் மனதில் பதித்துக்கொண்டார். நாலாம் தரம் அவர் போன கையோடு முதல் செல் வந்தது. அது தூரக் கடலில் விழுந்தது. அடுத்தது கரையில் விழுந்து, பூட்டிக் கிடந்த ஒரு வீட்டின் கூரையைத் தூக்கியது. சண்முகநாதன் கயிற்றை விட்டுவிட்டு ஓடினார். தாழம்பற்றைக்குள் முகம் குப்புற விழுந்து, சத்தம் ஓய்ந்த பிறகும் அரை மணித்தியாலம் எழும்பவில்லை. எழும்பிப் பார்த்தபோது கடல் கழுவித் துடைத்த கோப்பைபோல இருந்தது. கயிறும் இல்லை, ஆளும் இல்லை. அந்த நாளை நினைக்கும்போது இதற்குமேல் அவர் நினைப்பதில்லை. கயிற்றை விட்டதற்கும் அதற்கு முந்திய கணத்துக்கும் நடுவில் ஒரு சின்ன இடம் இருந்தது. அந்த இடத்தை அவர் பூட்டி வைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை ஞானாம்பிகை வந்து தேடத் தொடங்கினாள். சனிக்கிழமை, தடையையும் மீறிக் கரையோரம் வலை வீசிய கந்தப்பு என்ற தொழிலாளியின் வலையில் தேவராசாவின் முகக் கண்ணாடி வந்தது; உடல் வரவில்லை. ஞானாம்பிகை சண்முகநாதனுக்கு ஆள் அனுப்பினாள். கடைசியாய் எப்போது கண்டீர்கள் என்று கேட்டாள். அழுதுவிட்டு உள்ளதைச் சொல்லத்தான் அவர் போனார். ஆனால் கந்தப்புவும் இன்னும் பத்துப் பேரும் சுற்றி நின்றார்கள். தேவராசா எழுதிய முதலாவது விதி வீட்டுச் சுவரில் தொங்கியது. பயந்த வாய் தன்பாட்டில் திறந்தது. தேவராசா புதன்கிழமை புத்தூருக்குத் தன் வீட்டுக்கு வந்ததாகவும், அடுத்த நாள் தனியே இறங்கப்போவதாகச் சொன்னதாகவும், தான் மறித்ததாகவும் சொல்லிவிட்டார். புதன்கிழமை உயிரோடிருந்தால் திங்கட்கிழமை ஒன்றும் நடக்கவில்லை என்றாகிவிடும், அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது. கிரியைக்குக் கூப்பிட்ட ஐயர் பஞ்சாங்கத்தைப் பிரித்து, வியாழக்கிழமை வளர்பிறைத் திரயோதசி என்று குறித்துக்கொண்டார். அப்போதுதான் சண்முகநாதனுக்குத் தான் செய்த வேலை விளங்கியது. செத்தவனுக்கு வருஷத்தில் ஒரு நாள் சாப்பாடு. அந்த நாளை அவர் மாற்றிவிட்டார்.

பொய் வாயோடு நின்றிருந்தால் ஒருவேளை திருத்தியிருக்கலாம். யாழ்ப்பாணத்தில் அது நடவாது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குக் கல்வெட்டு அடித்தாகவேண்டும். செத்தவரின் படம், வாழ்க்கை, அழுகிறவர்களின் பாட்டு எல்லாம் சேர்ந்த சின்னப் புத்தகம் அது. அதன் நெஞ்சு, செத்த திதியைச் சொல்கிற வெண்பா. வல்வை என்று ஊரார் சுருக்கிச் சொல்கிற வல்வெட்டித்துறையில் ஆர் செத்தாலும் வெண்பா ஆழ்வாப்பிள்ளை வாத்தியாருடையதுதான். வழக்கமாய்ப் போகிற கீரிமலைக்குப் பாதை அடைபட்டிருந்ததால் ஊர்க் கடற்கரையிலேயே கிரியை முடிந்தது. அச்சுக்கூடத்தில் நல்ல தாள் இல்லாமல் பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் அடித்தார்கள். நீலக் கோடுகளுக்கு மேலே இப்படி இருந்தது:

சீரார் பிரமோதூ தத்தாண்டில் பங்குனியின்
பேரார் வளர்பிறையில் பேசும் திரயோ
தசியதனில் வல்வைத் தவமகன் தேவரா
சன்கடலில் சேர்ந்தான் சிவன்.

கடைசி இரண்டு அடிக்கும் எதுகை இல்லையே என்று ஒருவர் குறை சொன்னார். திரயோதசியில் செத்தவனுக்கு இவ்வளவு எதுகை போதும் என்றார் ஆழ்வாப்பிள்ளை. சங்கத்தின் அஞ்சலியைச் சண்முகநாதன் எழுதினார். 'ஆசைக்காகக் கடலுக்குப் போகிறவனுக்காகக் கதைத்த ஒரே குரல் ஓய்ந்தது' என்று தொடங்கி இரண்டு பக்கம். நல்லாய் எழுதியிருக்கிறீர்கள் அண்ணை என்று ஞானாம்பிகை அழுதாள். அன்றைக்கு அவர் சோறு தின்னவில்லை.

அடுத்த வளர்பிறைத் தசமியில் காகங்கள் முதல்முதலாகப் புத்தூர் வளவுக்கு வந்தன. கயிறும் அன்றைக்குத்தான் முதலில் இழுபட்டது. புத்தூர் நிலத்துக்குக் கீழே முழுக்கச் சுண்ணக்கல்; கல்லுக்குள் குகை, குகைக்குள் தண்ணீர்; எல்லாக் கிணறும் அடியில் கடலோடு தொடுப்பு என்று ஊரில் சொல்வார்கள். அதுவரை அதைச் சும்மா கதை என்று கேட்டுவிட்டு இருந்த மனிதர், அதற்குப் பிறகு கிணற்றை எட்டிப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். வல்வெட்டித்துறையில் முதலாம் வருஷத் திவசத்துக்கு, வெண்பாவில் உள்ளபடி திரயோதசியில், காகத்துக்குச் சோறு வைத்தார்கள். ஒரு காகமும் தொடவில்லை.

இப்போது இரண்டாம் வருஷம். கிணற்றுக்குள் கயிறு போன மூன்றாம் நாள், அதே திரயோதசியில், சண்முகநாதன் சைக்கிளில் வல்வெட்டித்துறைக்குப் போனார். போகாமல் விட்டால் ஏன் என்று கேட்பார்கள்.

மதியம் படைத்து முடித்து, ஞானாம்பிகை வாழையிலைத் துண்டில் சோறும் கறியும் கொண்டுவந்து மதிலில் வைத்துக் காகத்தைக் கூப்பிட்டாள். காகங்கள் இருந்தன. முருங்கையிலும் ஓட்டிலும் ஏழெட்டு இருந்தன. இலையை ஒருதரம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பின. பிறகு எல்லாமாக, கிணற்றடியில் நின்ற சண்முகநாதனைப் பார்த்தன. அவர் இடம் மாறி வாசலுக்கு வந்தார். அவையும் தலையைத் திருப்பின. அரை மணித்தியாலம் கழிந்தது. சோற்றில் எறும்பு ஏறியது.

விமானம் பறந்து பறந்து காகங்களுக்குப் பசி கெட்டுவிட்டது என்றார் ஆழ்வாப்பிள்ளை. பருப்புக்கு உப்புக் காணாது என்று நினைக்கிறேன் என்றான் கந்தப்பு. ஞானாம்பிகை இலையை எடுத்தாள். எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, வெற்றிலைத் தட்டை நடுவில் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"செத்தவருக்குத்தானே காகம் வரும். இவர் சாகேல்லை."

தெற்கே சிறையில் மறியல் இருந்து விடுபட்டு வந்த ஒருவன் சொன்னானாம்: அங்கே வடமராட்சி ஆள் ஒருவர், வயது போனவர், பேர் சொல்லமாட்டார், எந்த நேரமும் பெட்டிசம் எழுதிக்கொண்டிருப்பார். வேறு ஆராயிருக்கும் என்று கேட்டாள். வருகிற வெள்ளிக்கிழமை, தெற்கே போக மிஞ்சியிருந்த ஒரே வழியாகக் கிளாலியில் வள்ளம் ஏறப்போகிறாள். ஒழுங்கு செய்தாகிவிட்டது. போய் ஆளைப் பார்த்துக் கூட்டிக்கொண்டுதான் வருவாள்.

 கிளாலிக் கடலைக் கடந்த வள்ளங்களைத் தை மாதம் கடற்படை வழிமறித்துச் சனத்தைக் கொன்றது அந்தப் பந்தியில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். மூலையில் பை கட்டி ஆயத்தமாயிருந்தது. வாய் திறந்திருந்த பைக்குள் மடித்த வெள்ளைச் சேட்டும் அதற்கு மேலே தேவராசாவின் வாசிக்கிற கண்ணாடியும் சண்முகநாதனுக்குத் தெரிந்தன. கண்ணாடி இல்லாமல் அவர் என்னத்தை எழுதுவார் என்று அவள் நினைத்திருக்கிறாள்.

மற்றவர்கள் ஒவ்வொருவராகப் போய்வருகிறோம் என்று எழுந்தார்கள். சண்முகநாதன் எழும்பவில்லை. சொன்னால் தன் முகம் இந்த ஊரிலும் புத்தூரிலும் செல்லாது. சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை இந்த மனிசி அந்தத் தண்ணீரில் இருப்பாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் எனக்கும் தோன்றும். இரண்டு வருஷம் ஒரு பொய்யைக் கட்டிக் காத்தவனுக்கு அது அவ்வளவு லேசில்லை. அவர் வெற்றிலைத் தட்டைப் பார்த்துக்கொண்டே, ஆழ்வாப்பிள்ளையின் சைக்கிள் மணிச் சத்தம் ஒழுங்கையால் போய்த் தெருவில் மறையும்வரை பொறுத்திருந்தார்.

"தங்கச்சி, நீ போகாதை. அவர் வியாழக்கிழமை இறங்கேல்லை. திங்கட்கிழமை. தசமி. கயிறு என்ரை கையிலைதான் இருந்தது."

பிறகு எல்லாம் சொன்னார். செல்லை, ஓட்டத்தை, தாழம்பற்றையை, புதன்கிழமைப் பொய்யை. ஞானாம்பிகை அழவில்லை. கொப்பித் தாள் கல்வெட்டுகள் நிரம்பிய அலுமாரியில் சாய்ந்து நின்று கேட்டாள். 

"கயிறு கட்டாமல் அவர் ஒருநாளும் இறங்கினதில்லை, அண்ணை. உங்களைத் தவிர ஆரின்ரை கையிலையும் அவர் கயிறு குடுத்ததுமில்லை. நீங்கள் அண்டைக்கு அங்கை இல்லையெண்டு சொன்னியள். அப்ப அவர் இறங்கவே இல்லை, கரையிலை நிண்டவரை ஆரோ பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள், கண்ணாடி அப்பதான் கடலிலை விழுந்தது எண்டு நான் நம்பினன். ஊருக்காகத் திவசம் குடுத்தாலும், உங்கடை சொல்லை வைச்சுத்தான் ரண்டு வருஷம் நம்பினன்."

அவருக்கு அதைக் கேட்க ஏலவில்லை. எழும்பப் பார்த்தார். அவள் கையால் மறித்தாள்.

"கீழையிருந்து அவர் இழுத்தவரோ?"

பூட்டி வைத்திருந்த சின்ன இடம் திறந்துகொண்டது. சண்முகநாதன் தன் வலது உள்ளங்கையைப் பார்த்தார். "ஓம்," என்றார்.

"எத்தினை தரம்?"

வெளியே முருங்கையில் இருந்த காகங்கள் அசையவில்லை. 

"ரண்டு."

முதல் செல்லுக்கும் இரண்டாம் செல்லுக்கும் நடுவில் அது வந்தது. பதறாத இழுப்பு. விதியில் எழுதியபடி, ஒன்றுக்கும் மற்றதுக்கும் இடையில் பொறுமையாய் இடைவெளி விட்டு, மற்ற நுனியில் நிற்கிறவன் தூக்குவான் என்ற முழு நம்பிக்கையோடு வந்த இழுப்பு. கை அதை வாசித்தது. வாசித்த பிறகுதான் விட்டது.

ஞானாம்பிகை அலுமாரியில் இருந்து ஒரு கல்வெட்டை எடுத்து, வெண்பாப் பக்கத்தைப் பிரித்து, பென்சிலால் 'திரயோ' என்பதையும் அடுத்த அடியில் 'தசியதனில்' என்பதையும் வெட்டினாள். மேலே 'தசமி' என்று எழுதினாள். மூலையில் இருந்த பையிலிருந்து சேட்டைத் தனியாகவும் வாசிக்கிற கண்ணாடியைத் தனியாகவும் எடுத்து வைத்தாள்.  முகத்தை அவருக்குக் காட்டாமல் திரும்பி நின்றாள்.

"திதியைத் தந்திட்டியள். அது இனி என்ரை," என்றாள். "கயிறு உங்கடை. போயிட்டு வாங்கோ. இனி இஞ்சை வரவேண்டாம்."

அவள் கிளாலிக்குப் போகவில்லை. அந்த மட்டுக்குச் சண்முகநாதன் ஒரு நல்ல காரியம் செய்தார் என்று வைத்துக்கொள்ளலாம். ஊரில் சேதி பரவிய பிறகு சந்தையில் சிலர் அவரைக் கண்டு மற்றப் பக்கம் திரும்பினார்கள். குணலட்சுமி மூன்று நாள் கதைக்கவில்லை. நாலாம் நாள், உங்களுக்கு வாய் எதற்கு என்று மட்டும் கேட்டாள். கள்ளனுக்கும் ஒருநாள் நித்திரை வரும் என்பார்கள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவருக்கு நல்ல நித்திரை வந்தது.

சித்திரை மாதத் தசமி வந்தது. காலையில் கிணற்றுக் கட்டில் ஒரு காகமும் இல்லை. சண்முகநாதன் பத்துத் தரம் போய்ப் பார்த்தார். பிற்பகல் மூன்று மணிக்கு ஆழ்வாப்பிள்ளை வேர்க்க விறுவிறுக்கச் சைக்கிளில் புத்தூருக்கு வந்து இறங்கினார். வெண்பாவில் 'தசமி'யை வைத்தால் தளை தட்டுகிறது, முழுப் பாட்டையும் புதிதாய்க் கட்டவேண்டும் என்று முதலில் அவரைத் திட்டினார். பிறகு மோர் குடித்தார். குடித்த பிறகுதான் வந்த விஷயத்தைச் சொன்னார். அடுத்த வருஷம்வரை பொறுக்கமாட்டேன் என்று ஞானாம்பிகை இன்றைக்கே சமைத்துச் சோறு வைத்தாளாம். இலை மதிலில் படுவதற்கு முன்னமே காகம் வந்துவிட்டதாம். பதினொன்று வந்ததாம். ஒரு பருக்கை மிச்சம் விடவில்லையாம். இலையையும் கொத்திக் கொண்டு போய்விட்டனவாம்.

சண்முகநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனிதர் சாப்பிட்டுவிட்டார் என்று நினைத்தார். இரண்டு வருஷப் பசி. ஆழ்வாப்பிள்ளை போன பிறகு, நெஞ்சில் இருந்த பாரம் இறங்கின ஆள்போல, மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் விடக் கிணற்றடிக்குப் போனார். புதுக் கயிறு, புது வாளி. நல்ல வெயில். வளவில் குணலட்சுமி வெங்காயம் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வாளி நிரம்பியது. இழுத்தார்.

பாதி வழியில் ஒரு இழுப்பு. சற்றுப் பொறுத்து இன்னொன்று.

காகம் சோற்றுக்கு வந்தது. அதற்குத் திதி போதும். கயிற்றுக்குத் திதி தெரியாது. 'கயிறு உங்கடை' என்று ஞானாம்பிகை அன்றைக்குச் சொன்னது என்ன என்று அப்போதுதான் அவருக்குக் காலில் இருந்து தலைவரை விளங்கியது. கை விடப் பார்த்தது. பழகிப்போன கை. அவர் கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி, கிணற்றுக் கட்டில் காலை முண்டுகொடுத்து இழுத்தார். வாளித் தண்ணீரின் பாரமல்ல அது. ஒரு ஆளின் பாரம். உள்ளங்கைத் தோல் உரிந்தது. கப்பி முனகியது. என்ன வந்தாலும், என்ன வந்தாலும் என்று வாய்க்குள் சொல்லிச் சொல்லி இழுத்தார்.

வாளி வெளியே வந்தது. அதற்குள் தண்ணீர் மட்டும் இருந்தது. விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தார். கடல் உப்பு. அதைக் கன்றுக்கு விட ஏலாது. வாய்க்காலுக்கு அப்பால் ஊற்றிவிட்டு மறுபடி இறக்கினார். மறுபடி இரண்டு இழுப்பு. மறுபடி இழுத்தார்.

இறைத்த தண்ணீரை ஏன் வேலியில் ஊற்றுகிறீர்கள் என்று குணலட்சுமி அங்கிருந்தபடியே கேட்டாள். கயிற்றில் இரத்தம் பட்டிருப்பதைக் கண்டு கிட்ட வந்தாள். விடுங்கோ, நான் இழுக்கிறன் என்று கையை நீட்டினாள்.

"விடக் கூடாது," என்றார் சண்முகநாதன். "ஒராள் மேலை வரவேணும்."

வாளியை இறக்கினார்.